இரண்டு வேட்டு

"என்னம்மா இது, துப்பாக்கியா, துருப்பிடிச்ச தண்ணிக் குழாயா?"

குடும்பத் தலைவர் பெள்ளியப்பா குழலின் வாயை அடைத்திருந்த துணியை உருவி எறிந்துவிட்டு, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். வாசல் மண்ணில் சிவப்புத் தூள் கொட்டியது.

கைல்பொழுது என்ற ஆயுதத் திருநாளுக்கு வந்திருந்த சொந்தம் மொத்தமும் அந்த வீட்டு மருமகள் தேச்சம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

நடவு தொடங்கும்போது ஆயுதங்களைச் சாமி அறையில் வைத்தால், நடவு முடிந்து கைல்பொழுது அன்றுதான் வெளியே எடுப்பார்கள். நடுவில் யாரும் தொடுவதில்லை. மற்றவர்களுடைய துப்பாக்கிகள் காந்தள் பூவைச் செருகிக்கொண்டு பளபளவென்று சுவரில் சாய்ந்திருந்தன.

"கழுவின தண்ணி காயறதுக்குள்ள எண்ணெயைத் தடவியிருப்ப."

"இல்ல பெரிய மாமா. வெந்நீர் ஊத்திக் கழுவி, துணி வெள்ளையா வர்ற வரைக்கும் துடைச்சேன். அடுப்போரமா வெச்சு உலர்த்தித்தான் எண்ணெய் போட்டேன்."

"அப்ப துரு என்ன, விருந்துக்கு வந்துச்சா?"

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள் அத்தை போஜவ்வா.

"பன்றிக்கறியை இப்பத்தான் ருசி பார்த்தேன். துப்பாக்கிக்கு எண்ணெய் இல்ல, கறிக்கு உப்பு இல்ல. என்ன பொம்பளடி நீ?"

சிலர் சிரித்தார்கள்.

உப்பு விஷயம் உண்மைதான். காலையில் சாடிக்குள் கைவிட்டால் அடி வழித்துக் கிடந்தது. அவளும் மாமனாருமாக இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒரு சாடிக் கல்லுப்பு எங்கே போகும்? மழைக்காலத்து ஈரத்தில் கரைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வேறொரு நாளாயிருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். இன்று அவள் புருஷன் மாச்சய்யாவுக்காக இரண்டு வேட்டுப் போட வேண்டிய நாள்.

அந்த ஊர் வழக்கப்படி ஆண்பிள்ளை பிறந்தால் ஒரு வேட்டு. வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொட்டுகிற மழையில் வரப்பு உடைந்ததைப் பார்க்கப் போன மாச்சய்யாவை ஆறு இழுத்துக்கொண்டு போனது. உடம்பு கிடைக்கவில்லை. அதனால் வேட்டும் போடவில்லை.

"எத்தனை நாளைக்கு இப்படி அந்தரத்துல வெச்சிருப்பீங்க? இந்தக் கைல்பொழுதுல ரெண்டு வேட்டைப் போட்டு முடிச்சிடணும்" என்று பெள்ளியப்பா நடவுக்கு முன்பே வந்து சொன்னார். மாச்சய்யாவின் அப்பா உத்தய்யா மறுபேச்சுப் பேசாமல் சரி என்றுவிட்டார்.

"அவ்வளவுதானா மாமா?" என்று கேட்டாள் தேச்சம்மா.

"பெரியவங்க சொல்றாங்க. துப்பாக்கியை நல்லாக் கழுவி வை" என்றார்.

பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். நெஞ்சும் இரும்பாகிவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அவருக்கு இப்போது கை நடுக்கம். அதனால் அவளே கழுவினாள். கண்ணீர் குழல்மேல் விழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கழுவினாள்.

"வேற துப்பாக்கியில சுட்டுட்டா என்ன?" என்றான் ஒருவன்.

"மாச்சு பொறந்தப்ப ஊருக்குச் சொன்னது இது. போனதையும் இதுதான் சொல்லணும்" என்றார் பெள்ளியப்பா. "ஆனா இதுல மருந்தை இடிச்சா குழல் பிளந்து கை போயிரும். இனி கதிர் அறுக்கிற புத்தரிக்குத்தான் எல்லாரும் கூடுவோம். அன்னைக்குப் பார்த்துக்கலாம்."

பிறகு உத்தய்யா பக்கம் திரும்பினார்.

"ஏன்டா உத்தா, பட்டாளத்துல ஒரு பொட்டுத் துரு கண்டா சிப்பாயை வெயில்ல நிறுத்துவியாமே. இன்னைக்கு வாயே திறக்கல?"

உத்தய்யா தலை நிமிரவில்லை.

"விடுண்ணா. சின்னப் பொண்ணு. ஏதோ மறந்திருப்பா."

அத்தனை பேர் ஏச்சையும் தாங்கியவளுக்கு இந்த ஒரு சொல்தான் சுருக்கென்று ஏறியது. துணி வெள்ளையாக வருகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்தானே?

சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிப் போனார்கள். தேச்சம்மா வாசலைப் பெருக்கினாள். பெள்ளியப்பா உருவி எறிந்த துணி துடைப்பத்தில் வந்து மாட்டியது. தள்ளிவிடப் போனவள் நின்றாள்.

அவள் அடைத்து வைத்தது தன் பழைய வெள்ளைப் புடவைக் கிழிசல். இது காக்கி.

கையில் எடுத்தாள். வெயிலில் காய்ந்து அப்பளம் போல விறைத்திருந்தது. மடிப்பு மடிப்பாக வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

நிமிர்ந்து பார்த்தாள். உத்தய்யா வாசற்படியில் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கையிலிருந்த துணியைப் பார்த்ததும் துப்பாக்கியைப் படியோரம் சாய்த்து வைத்தார்.

"உன் தலையில பழியைப் போட்டுட்டேன்மா" என்றார். "அந்த ரெண்டாவது சத்தம் கேட்டுட்டா, அப்புறம் அவன்…"



ஆறு கொண்டுபோனது திரும்பி வராது. அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அந்தத் துணியை நான்காக மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"புத்தரிக்கு முன்னாடி உப்பு கொஞ்சம் கூடுதலா வாங்கி வைக்கணும், மாமா."