தோற்றவனின் சிரிப்பு

கேரம் போட்டிகளில் தந்த ஸ்ட்ரைக்கரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. ஆனால் ஒரு காய் குழி விளிம்பில் நின்றுவிட்டால் போதும், அதன் கண்ணுக்கு எல்லாருமே களவாணிகள்.

இறுதி ஆட்டத்திலும், "போர்டை எவனோ சாய்ச்சிருக்கான்!" என்று கத்தியது. நடுவரான பவுடர் டப்பா போர்டை நேராக்கச் சொன்னது.

"உன் பவுடர்லயே ஈரம் இருக்கு. நீ யாரோட ஆளு?"

டப்பா போர்டைத் துடைத்துப் புதுப் பவுடர் தூவியது.

அப்புறம் சிவப்புக் காயையும் அதை உறுதியாக்கும் ஃபாலோ காயையும் அடுத்தடுத்துப் போட்டு, தந்தமே ஜெயித்தது. தோற்ற பிளாஸ்டிக் ஸ்ட்ரைக்கர் ஓடிவந்து, "பிரமாதம்ணே, என்னா அடி!" என்று சிரித்தது.

தந்தத்துக்குச் சுருக்கென்றது. தோத்தவன் எதுக்குச் சிரிக்கிறான்?

"டப்பா, கோப்பையைக் கீழ வை!" என்றது. "இவன் வேணும்னே விட்டுக்கொடுத்திருக்கான். விசாரிக்காம நான் தொட மாட்டேன்."