பார்த்து வாங்கிய விறகு

விறகுக்கடைக்காரர் எந்தச் சுமையிலும் கால்வாசி ஈர விறகைக் கலந்துவிடுவார். அது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் அன்று வந்த பள்ளிக்கூட ஆசிரியரை ஏமாற்ற மட்டும் மனசு வரவில்லை.

"வீட்டுல அவளுக்கு இளைப்புங்க. நாள் பூரா அடுப்படியே கதின்னு கிடப்பா. ஈர விறகுப் புகை நெஞ்சுக்குள்ள போனா ஆள் தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கோ விறகு பார்த்து வாங்கத் தெரியாது." சொல்லும்போதே ஆசிரியருக்குக் குரல் தழுதழுத்தது.

கட்டினவளுக்காக இப்படி உருகுகிற மனுஷனும் இருக்கிறானே என்று கடைக்காரர் நெகிழ்ந்துபோனார். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார்.

"கணீர்னு கேட்குதா சார்? இது காய்ஞ்சது. முனையில வெடிப்பு இருக்கும், பட்டை லேசா உரியும். ஈரக் கட்டைன்னா மொத்துனு சத்தம் வரும். பட்டை விடவே விடாது, கையில கனக்கும்."

ஆசிரியர் ஒவ்வொரு அடுக்காகப் போய்த் தட்டினார், நகத்தால் கீறினார், தூக்கிப் பார்த்தார். கடைசியில் மூலையில் கிடந்த குவியலைக் காட்டினார்.

"இதையே வண்டியில ஏத்திடுங்க."

கடைக்காரர் பதறிப்போனார். "ஐயையோ, அது நேத்து வெட்டினது சார். அத்தனையும் ஈரம்!"

"தெரியுதுங்க." ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "மருந்து மாத்திரையில அவ இன்னும் ரெண்டு வருஷம் தாங்குவாளாம். எனக்குப் பேசி வச்சிருக்கிற பொண்ணு வீட்டுல அவ்வளவு நாள் பொறுக்க மாட்டாங்க."