இரண்டாவது மைக்

மைக்கின் பஞ்சு முனையில் வாயை வைத்து, "ஃபூ, ஃபூ" என்று ஊதினார் சிவசுப்பிரமணியன். பன்னீர்ப் புகையிலை எச்சில் தெறித்துக் கறுப்புப் பஞ்சில் பளபளத்தது.

"நல்லாத்தான் இருக்கு. போட்டுப் பாரும்மா" என்று கழற்றி, பேச்சிச்செல்வியின் தலையில் அவரே மாட்டப் போனார்.

அவள் தலையை விலக்கி, கையில் வாங்கிக்கொண்டாள். முந்தானையால் பஞ்சை அழுத்தித் துடைத்தாள். துடைத்தும் வாடை போகவில்லை.

பாளை ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடை. விற்கிற பெண் ஜெஸ்மி, மேசைமேல் இரண்டு ஹெட்செட் எடுத்து வைத்திருந்தாள். வாங்க வந்த இருவரும் ஆபீஸ் லேப்டாப்பையே கொண்டு வந்திருந்தார்கள். அதில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குவதாகப் பேச்சு.

சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியின் பத்திர ஆபீசில் பதினோரு வருஷமாக டைப் அடிக்கிறாள் பேச்சி. கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று அடித்து அடித்து மணிக்கட்டு நரம்பு செத்துப்போனது. இனி கையால் அடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேசினால் தானாகவே எழுதிக்கொள்கிற வசதி வந்திருக்கிறது, மைக் ஒன்று வாங்கினால் போதும், நானே வாங்கித் தருகிறேன் என்று அண்ணாச்சி சொன்னதும் தெருவே மெச்சியது. வேறு ஆளாயிருந்தால் வீட்டுக்குப் போ என்றிருப்பான் என்றார்கள்.

அவர் ஏன் போகச் சொல்லவில்லை என்பது பேச்சியின் பின்கழுத்துக்குத் தெரியும்.

வேலை நேரத்தில் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். குனிவார். மூச்சு சுடும். காதோரம் மெல்லச் சொல்வார். சுவரில் முதுகு சாய்கிறபடி ஒருநாள் மேசையைத் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் பத்தவில்லை என்று மறுநாளே அவர் பழையபடி திருப்பிவிட்டார்.

வேலையை விட்டால் மகள் படிப்பு நின்றுபோகும். பத்திர எழுத்தர் சங்கச் செயலாளர் லிங்கராஜிடம் போய்ச் சொன்னாள்.

"அண்ணாச்சியா? திருநீறு பூசாம வாசப்படி தாண்டாத மனுசன் அவரு. காதுல சொன்னாருன்னு சொல்லுதே. உன் காதைத் தவிர வேற சாட்சி என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

"முதல்ல இதைப் பாருங்கக்கா" என்றாள் ஜெஸ்மி. "விலை கூடுனது. உங்க வாயில இருந்து வாரது மட்டும்தான் ஏறும்."

துடைத்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பேச்சி கையிலிருந்த பத்திர நகலைப் பார்த்து வாசித்தாள். ஸ்ரீவைகுண்டம் வட்டம். நஞ்சை முப்பது சென்ட். இதற்கு நான்கு எல்லையாவது.

வெளியே துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று காது கிழிய ஹாரன் அடித்தது. திரையில் அது ஏறவில்லை.

அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார். கடை என்றும் பாராமல் குனிந்தார். ஜெஸ்மி கீழே வயர் தேடிக்கொண்டிருந்தாள்.

திரையில் எல்லைகள் மட்டும் சுத்தமாக வந்து நின்றன. அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூட அங்கே இல்லை. அது அவள் காதுக்குள் கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"அருமையான சாமான். இதையே கட்டச் சொல்லு" என்று நிமிர்ந்த அண்ணாச்சி, வாய் நிறைந்துவிட்டதால் துப்புவதற்கு வாசலுக்குப் போனார்.

"அது எப்படி?" என்று மற்றதைக் காட்டினாள் பேச்சி.

"அது வேண்டாங்கக்கா. சுத்தி நிக்கவங்க முணுமுணுத்தாக்கூட இழுத்துப் போட்டு எழுதிரும்."

பேச்சி அதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வாயைத் துடைத்தபடி அவர் திரும்பி வந்தபோது, அவள் மறுபடி முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். வழக்கமான இடத்தில் வந்து நின்றார். குனிந்தார்.

மேற்கே வண்டிப்பாதை என்று வாசித்துவிட்டு பேச்சி நிறுத்தினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

திரையில் ஏறியது:

கிழக்கே முத்துக்கனி வகையறா வாழைத்தோட்டம் மேற்கே வண்டிப்பாதை ஏளா இந்தக் கழுத்துக்கு ஒரு செயின் வாங்கித் தாரேன் நாளைக்கு ஆபீஸ் பூட்டுன பெறவு இரு தெற்கே வாய்க்கால்

ஜெஸ்மி அதைப் படித்தாள். அவள் முகம் வெளிறிப்போனது. அழிப்பதற்கு விரலை நீட்டினாள். பேச்சி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சியின் கண் திரையில் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை.

"என்னம்மா, எழுதுதா?"

"எழுதுது அண்ணாச்சி."

"முந்தினது மாதிரி வருதா?"

"அதைவிட நல்லா வருது. காதையும் அழுத்தல."

"அப்ப இதையே எடுத்துக்க. உனக்குத் தோதா இருக்கணும்லா."

ஜெஸ்மி பேச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"அக்கா, எழுத்து மேல தட்டுனா அந்த இடத்துல பேசினவங்க குரலே கேக்கும். போட்டுக் காட்டவா?"

"அப்படியும் உண்டா? போடும்மா, கேப்போம்" என்று அண்ணாச்சி ஆசையாக முன்னால் வந்தார்.

பேச்சி எல்லாவற்றையும் சேமித்து, லேப்டாப்பை மூடினாள்.

"இங்கன வேண்டாம் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம் இருக்குல்லா. அங்கன எல்லாரும் இருக்கையில போட்டுக் காட்டுதேன்."

"நல்ல யோசனைதான்" என்று பணத்தை எடுத்தார் அவர். "செயலாளர்ட்ட நானே சொல்லி வைக்கேன். மத்த ஆபீஸ்காரனுவளும் கேக்கட்டும்."