வழுக்கைக்கு என்ன முடிவெட்டு?

"உங்கப்பா இந்த ஊர்ல ஒரு ஆத்துமாவையாவது ஆதாயம் பண்ணிச் சபையில சேத்தாரா, தம்பி?"

சபை மூப்பர் இப்படிக் கேட்டதும் மகன் யோசிக்க ஆரம்பித்தான். நாளைக்கு அப்பாவின் நினைவுக் கூட்டம். பேச வேண்டியவன் அவன்தான். அவனும் மிஷனரி, போன இடமெல்லாம் சபை கட்டியவன். அப்பாவோ ஆயுசு பூராவும் இதே ஊரில் மிஷனரியாக இருந்தும், சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

எவ்வளவு யோசித்தாலும் அவனுக்கு சலூன்தான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை ஆனால் போதும், வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு அப்பா கிளம்பிவிடுவார்.

"வழுக்கைக்கு வாரா வாரம் என்ன முடிவெட்டு?" என்று அம்மா கிண்டல் பண்ணுவாள்.

"இருக்கறதையாவது பத்திரமா பாத்துக்கணும்ல" என்பார்.

சலூனில் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். அப்பா நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, போகிற வருகிறவர்களையெல்லாம் குசலம் விசாரிப்பார். எதிர்ச்சாரியில் பந்து விளையாடும் மகனுக்கு மானம் போகும். ஆனால் அவர் வீடு திரும்பியதும் மடியில் ஏறி, கழுத்துப் பவுடரை மோந்து பார்ப்பதும் அவன்தான். அந்த வாசனைக்கு இப்போதும் மனசு ஏங்கியது.

அப்பா விட்டதை மகன் முடிக்கட்டுமே என்று, சட்டைப்பையில் இயேசுவைப் பற்றிய ஒரு கைப்பிரதியோடு சலூனுக்குப் போனான். நல்ல கூட்டம். வயதாகியும் சலூன்காரர் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. கை இரண்டும் முழங்கை வரை வெளுத்திருந்தன.

"அப்பா உங்ககிட்ட இயேசுவைப் பத்திப் பேசினதுண்டா அண்ணே?"

"அதெல்லாம் பேசமாட்டார். மழை, வெயில், உங்கம்மா சமையல்... இதான் பேச்சு."

மகனுக்குச் சுருக்கென்றது. "வாரா வாரம் வந்துமா?"

"அவர் தலையில வெட்ட என்ன இருந்துச்சு தம்பி? பாதி நேரம் வெறும் காத்தைத்தான் வெட்டுவேன்." சிரித்தவர் கைகளை நீட்டிக் காட்டினார். "அப்பதான் இது திட்டுத் திட்டா வெளுக்க ஆரம்பிச்சுது. ஒட்டிக்கும்னு பயந்துக்கிட்டு ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. கடையை மூடிட்டு ஊரைவிட்டே போயிடலாம்னு இருந்தேன். ஐயா வந்து உக்காந்தார். நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்புன்னார். கண்ணாடி இந்தப் பக்கம்ல இருக்குன்னேன். 'என் மூஞ்சியை நான் பாத்து என்ன ஆகப்போகுது? ஊர் பாக்கட்டும்'னார்."

மகன் கைப்பிரதியை மறந்தே போனான்.

"வெட்டி முடிச்சுப் பவுடர் போடப் பஞ்சை எடுத்தா விடமாட்டார். 'கையாலேயே போடு'ம்பார். அதுவும் தெருவுல நாலு பேர் நடந்து போறப்பதான்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூப்பருக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது.

அவன் முறை வந்தது. சலூன்காரர் தலையைப் பார்த்து யோசித்தார். "நேத்துதான் வெட்டின மாதிரி இருக்கே தம்பி?"

"ஆமாண்ணே." சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக் கழுத்தைக் குனிந்து காட்டினான். "பவுடர் மட்டும் போடுங்க. கையாலேயே."