பெரியவர் வர்றார்

"பெரியவரு வர்றாரு!"

பாறை உச்சியிலிருந்து இன்பராஜின் குரல்.

அவள் துள்ளி எழுந்தாள். மடியிலிருந்த சுள்ளிகள் கூடாரத்து வாசலில் சரிந்தன.

அப்பாடா. வந்துவிட்டார்.

ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போன கணவர் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டுமே என்று அதுவரை சுள்ளியை ஒடிப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஏறி வந்த ஏற்றத்தில் எல்லோருடைய பாட்டிலும் காலி. வழிகாட்டி மறுபக்கம் விறகுக்குப் போயிருந்தார். யார் இறங்குவது என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் பாட்டில்களைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். முட்டி வலியோடு. சொன்னால் கேட்டால்தானே.

நண்பர்கள் எல்லாம் அவளுடைய கல்லூரிக் கூட்டாளிகள். அவர் அவளுக்காக வந்தவர். அவளைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். அடிவாரத்து டீக்கடையில் "பெரியவருக்குச் சர்க்கரை போடலாமுங்களா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான், அதுவே அவர் பெயராகிவிட்டது. பெரியவரே, கை கொடுங்க. பெரியவரே, பார்த்து ஏறுங்க.

அவள் உள்ளுக்குள் எரிந்தாள். அவர் சிரித்தார்.

பாதிச் சுமையையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று பாதையில் இறங்கினாள்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. மஞ்சளாக, புல் நுனிகளில் மட்டும்.

பின்னால் ஹேமலதா என்னவோ கத்தினாள். காதில் சரியாக விழவில்லை. டார்ச்சை மறந்ததற்காக இருக்கும். திரும்பாமலே கையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

முதல் வளைவு தாண்டியதும் கிளை முறிகிற சத்தம்.

பாதையை விட்டுப் புதருக்குள் இவருக்கு என்ன வேலை?

"ஏனுங்க," என்றாள்.



இன்னொரு கிளை முறிந்தது. மனிதக் கையால் முறிக்கிற கிளை இல்லை அது.

அவள் நின்றாள்.

காலையில் வழிகாட்டி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "காட்டுக்குள்ள யானைன்னு பேரைச் சொல்லக் கூடாதுங்க. சொன்னா வந்துருவாரு. பெரியவருன்னு சொல்லிப் பழகிக்குங்க."

அத்தனை பேரும் அவள் கணவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பிறகு வழி நெடுக அதே கூத்து. பாதையில் யானை லத்தி கிடந்தால், பெரியவர் நமக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கார் என்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இன்பராஜ் சொன்ன பேச்சு தட்டாதவன். வழிகாட்டி சொல்லிக் கொடுத்தபடியே கூவியிருக்கிறான்.

புதர் விலகியது.

முதலில் கால்தான் தெரிந்தது. மண் அப்பிய, அவசரமில்லாத கால். பிறகு பாதையைக் காணோம். பாதை இருந்த இடம் முழுக்க அது நின்றது.

காதுகள் அசைந்தன.

தும்பிக்கை அவள் பக்கம் உயர்ந்து காற்றைத் துழாவியது.

ஓடினால் துரத்தும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஓட முடிந்தால்தானே. இதுவரை பயம் என்று அவள் நினைத்திருந்ததெல்லாம் பயமே இல்லை.

அப்போது அதற்குப் பின்னால், கீழ் வளைவில், பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்.

ஒரு இருமல்.

அவர்தான். ஏறி வருகிறார். வளைவு மறைக்கிறது. ஒன்றும் தெரியாமல் நேராக இதனிடம் வருகிறார்.

கத்தினால் இது அவள்மேல் பாயும்.

பாயட்டும்.

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மேலே பாறையிலிருந்து இன்பராஜ் மறுபடி, தொண்டை கிழிய:

"பெரியவரு வர்றாரு! பெரியவரு வர்றாரு!"

கீழிருந்து உடனே பதில் வந்தது. மூச்சு வாங்க, சிரிப்போடு, நன்றாக உரக்க.

"வந்துட்டேன் கண்ணுகளா! கொஞ்சம் பொறுங்க, வந்துட்டேன்!"

காதுகள் நின்றன.

அந்தப் பெரிய தலை அவளை விட்டு மெதுவாகத் திரும்பியது. பிறகு உடம்பும் திரும்பியது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு மூச்சு நேரத்துக்கு.

பாட்டில்களின் சத்தம் இப்போது இன்னும் வேகமாக மேலே ஏறி வந்தது.