சூடு ஆறும் வரை

நடுரோட்டில் கார் ஆவி கக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நேரம் பார்த்து சோபாத் துணிக்குச் சண்டை பிடிக்கிறவளை என்னவென்று சொல்வது? என் தம்பி பெண்டாட்டியைத்தான் சொல்கிறேன்.

நான் தனிக்கட்டை. வீட்டைக் காலி செய்துவிட்டு, இனி அவர்களோடுதான் இருக்கப்போகிறேன். என் பெட்டியெல்லாம் டிக்கியில் கிடந்தது.

தம்பி பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். "தெர்மோஸ்டாட் மாட்டிக்கிச்சுக்கா. எஞ்சின் சூடானா அது திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடணும். அங்க போனாத்தான் தண்ணி ஆறும். இப்ப உள்ளேயே கொதிக்குது."

"ஆவி வருதேப்பா?"

"ரேடியேட்டர் மூடியில ஒரு வால்வு இருக்கு. பிரஷர் எகிறினா அதுவே கொஞ்சம் வெளிய விட்டுடும். தண்ணி ஊத்தினா மெக்கானிக் கடை வரைக்கும் போயிடலாம்."

ஒரு பழந்துணியைக் கையில் சுற்றி மூடியில் கை வைத்தான்.

"நீலம்தானே சொன்னேன்? பழுப்புல வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் அவள்.

"என்னது?"

"சோபாத் துணி."

தம்பி மூடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அப்படி நின்றால்தான் அவனுக்குச் சண்டை வரும்.

சோபாச் சண்டை ஓய்ந்து அவன் மூடிப் பக்கம் திரும்பினான். உடனே, கல்யாண வீட்டில் அவளை மறந்துவிட்டு வந்த பழைய கதை கிளம்பியது. போகிறவர் வருகிறவரெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானமே போயிற்று. அந்த வால்வை இவளுக்கும் ஒன்று வைத்திருக்கலாம்.

தம்பி மறுபடி மூடியைத் திறக்கப் பழந்துணியை எடுத்தான்.

"யாரைக் கேட்டு உங்க அக்காவைக் கூட்டிட்டு வர்றீங்க?"

எனக்குச் சுருக்கென்றது.

"நீதானடி கூட்டிட்டு வரச் சொன்னே?" அவன் கை திரும்ப இடுப்புக்குப் போனது.

சொன்னதையே இல்லை என்கிறாளே, இவளோடு எப்படிக் காலம் தள்ளுவேன்? இறங்கிப் போய்விடலாம் என்றால், போக எனக்கு வீடு ஏது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆவி நின்று வெகுநேரம் ஆனபிறகு, அவள் எஞ்சின் பக்கம் கையை நீட்டிப் பார்த்தாள். அதோடு சண்டையும் நின்றது.

தம்பி மூடியைத் திறந்தான். லேசாக உஸ்ஸென்றது, அவ்வளவுதான்.

"ரெண்டு நிமிஷ வேலைக்கா. இவளாலதான் லேட்டு" என்று முணுமுணுத்தபடி தண்ணீர் எடுக்கப் போனான்.

அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. உங்களைச் சொன்னது மனசாரச் சொன்னதில்ல. அந்தச் சூட்டோட திறந்திருந்தா கொதிக்கிற தண்ணி அவர் முகத்துல அடிச்சிருக்கும். வேணாம்னா கேக்கிற ஆளா அவர்? சண்டை போட்டாத்தான் கையை எடுத்து இடுப்புல வெச்சுக்கறார்."