ஒரே ஒரு திருத்தம்

லுப்னா அனுப்பிய நாவலைப் படித்துவிட்டு, எழுத்தாளர்களுக்குப் பதிப்பகம் பிடித்துத் தரும் ஏஜென்ட் மாணிக்கவேல், சென்னையிலிருந்து காஞ்சிபுரத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இதை வேற யாருக்காவது அனுப்பினியாம்மா?”

“இல்ல சார், உங்களுக்கு மட்டும்தான்.”

“வீட்ல யாரும் இல்லையா?”

“எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க.”

அவர் எழுந்து போய்த் தெருக்கதவைத் தாழிட்டார்.

“நாவலை எடுத்துக்கினு வந்த பொண்ணை ஒரு ஏஜென்ட் கொன்னு, தென்னேரி ஏரியில தள்ளிடறான். இந்தக் கதையை உனக்கு யார் சொன்னது?”

“கற்பனைதான் சார். நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்குது. ஒரே ஒரு தப்பு.” அவர் நெருங்கி வந்தார். “ஏரியில தள்ளல. ஓரிக்கையில, பாலாத்து மணல்ல புதைச்சேன். பக்கத்துல இன்னொருத்திக்கும் இடம் இருக்குது.”

உள்ளறைக் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் பாய்ந்து வந்து அவரைப் பிடித்தார்கள்.

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை லுப்னாவுக்கு அப்போதுதான் வெடித்தது.

“எனக்குக் கதை எழுதவே வராது சார். என் தோழி துளசிதான் எழுதுவா. உங்களைப் பார்க்க வந்தவ வீடு திரும்பல. அவ எங்கே இருக்கான்னு உங்க வாயால சொல்லணும்னுதான் இதை எழுதினேன்.”